வெளியுறவு வரலாற்றைப் படித்து வாழ முடியுமா?

செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோலாலம்பூரில் வரலாறு படிக்கிறார், இரண்டாம் ஆண்டு. மலேசியாவின் வெளியுறவுக் கொள்கை எப்படி உருவானது என்பதையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டு விரிவுரையாளராக வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பாவோ, "அதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்? சட்டமாவது படிச்சிருக்கலாம்" என்கிறார். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் இதே பேச்சாம். இந்தத் துறையில் வாழ்க்கை உண்டா, நம்மவர்களுக்கு இடம் உண்டா, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

தம்பி, முப்பது ஆண்டுக்கு மேல் இதே துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாழ்க்கை உண்டு. ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் வேலைக்கும் உண்மையில் செய்யப்போகும் வேலைக்கும் நிறைய தூரம் இருக்கும் என்று தோன்றுகிறது. அதனால் முதலில் வேலை என்னவென்று சொல்கிறேன். சம்பளம், பதவி எல்லாம் அப்புறம்.

என் முதுகலை ஆய்வு 1957-இல் விடுதலை அடைந்ததிலிருந்து 1963-இல் மலேசியா உருவானது வரை மலாயாவின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றியது. லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளை மைக்ரோஃபிலிமில் மாதக்கணக்கில் படித்தேன். அறுபது பக்கத்துக்கு முதல் அத்தியாயம் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி: "இது பிரிட்டனின் வெளியுறவு வரலாறு. மலாயாவுடையது எங்கே?"

அன்றைக்கு மனம் உடைந்துதான் போனேன். ஆனால் இந்தத் துறையின் முழுச் சிக்கலும் அந்த வரியில் இருக்கிறது. நாடு விடுதலை அடைந்தபோது நமக்கு வெளிநாடுகளில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில தூதரகங்களே: லண்டன், வாஷிங்டன், நியூயார்க்கில் ஐக்கிய நாட்டு நிறுவனம், கேன்பெரா, புதுடெல்லி, ஜகார்த்தா, பேங்காக். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானே வெளியுறவையும் கவனித்தார். ஒரு சிறு குழு, பல விஷயங்களை நேரில் பேசியே முடித்துக்கொள்ளும். ஆனால் அதே துங்குவோடு பேசிவிட்டுப் போன பிரிட்டிஷ் தூதரும் ஆஸ்திரேலியத் தூதரும் அன்றிரவே உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தங்கள் அரசுக்கு எழுதினார்கள். அந்தத் தாள்கள் எல்லாம் பத்திரமாக எண் போட்டு வைக்கப்பட்டு, பிரிட்டனில் முப்பது ஆண்டு கழித்து, இப்போது இருபது ஆண்டு கழித்து, பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. நம் வெளியுறவு அமைச்சின் தாள்களில் பல 1972-ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ இரகசியச் சட்டத்தின்கீழ் முத்திரை குத்தப்பட்டு உள்ளேயே கிடக்கின்றன. ஆக, நம் நாடு என்ன நினைத்தது என்பதை, நம்மைப் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரரின் நாட்குறிப்பிலிருந்து எழுத வேண்டியதாகிறது. அந்த அடுத்த வீட்டுக்காரருக்கும் தன் கணக்கு ஒன்று இருந்தது என்பதை மறந்தால் போச்சு.

துங்குவின் கொள்கையைப் பலரும் 'மேற்கு நாடுகள் பக்கம் சாய்ந்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 1957 அக்டோபரில் பிரிட்டனோடு தற்காப்பு ஒப்பந்தம் போட்டார், உண்மைதான். ஆனால் அமெரிக்கா முன்னின்று நடத்திய, தென்கிழக்காசியாவுக்கான தற்காப்புக் கூட்டணியான சீட்டோவில் சேரவே இல்லை. 1959-இல் அயர்லாந்தோடு சேர்ந்து திபெத் பிரச்சினையை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டு போனது மலாயா. ஷார்ப்வில்லில் கறுப்பின மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட 1960-இல், காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியவர் துங்கு. அதே ஆண்டு காங்கோவுக்கு ஐ.நா. கொடியின்கீழ் நம் வீரர்கள் போனார்கள். நாடு பிறந்து மூன்றே ஆண்டு! லண்டன் கோப்பை மட்டும் படித்தால் இவை எல்லாம் துங்குவின் அவசரங்களாகவோ லண்டனின் தலைவலிகளாகவோ தெரியும். இங்கே இருந்து பார்த்தால் வேறு வடிவம் தெரியும். அந்த வேறு வடிவத்துக்குச் சான்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

சான்று சில நேரம் எதிர்பாராத இடத்தில் கிடைக்கும். துன் டாக்டர் இஸ்மாயில் நம் முதல் ஐ.நா. பிரதிநிதி, அமெரிக்காவுக்கான முதல் தூதரும் அவரே. 1957 முதல் 1959 வரை அங்கிருந்து துங்குவுக்கு அந்தரங்கக் குறிப்புகள் அனுப்பிக்கொண்டே இருந்தார். எந்த நாட்டுப் பிரதிநிதி எப்படிப் பேசினார், எந்த வாக்கெடுப்பில் தனக்கு என்ன சங்கடம் வந்தது என்று ஒரு புதிய நாடு உலகத்தைக் கற்றுக்கொள்வது அதில் அப்படியே தெரிகிறது. அந்தத் தாள்கள் அமைச்சின் கோப்பில் இல்லை. குடும்பத்தாரிடம் இருந்து, பிறகு சிங்கப்பூரில் இருக்கும் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்துக்குப் போய், 2009-இல் நூலாகவும் வந்தன. அந்தத் தாள்கள் தொலைந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டுகளை நாம் வெள்ளைக்காரர் சொல்லித்தான் அறிந்திருப்போம்.

இப்போது உங்களுக்கென்று ஒரு விஷயம் சொல்கிறேன். நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கொடுத்த பயிற்சி இது.

ராதாகிருஷ்ண ரமணி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோலாலம்பூரில் பெரிய வழக்கறிஞர். அறுபதுகளில் மலேசியாவின் ஐ.நா. நிரந்தரப் பிரதிநிதி. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நம்மோடு கொன்ஃப்ரொந்தாசி என்ற மோதலை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. 1964 செப்டம்பரில் இந்தோனேசியப் பாராசூட் வீரர்கள் ஜொகூரில் லாபிஸ் பக்கம் இறங்கினார்கள். மலேசியா ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குப் போனது, கைப்பற்றிய ஆயுதங்களை மன்றத்திலேயே காட்டியது. நார்வே கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஒன்பது நாடுகள் ஆதரவு. ஆனால் சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டது. 1965-இல் மலேசியாவே பாதுகாப்பு மன்றத்தில் ஓர் ஆண்டுக்கு இடம் பெற்றது. அதை எதிர்த்து இந்தோனேசியா ஐ.நா.வை விட்டே வெளியேறியது. அந்த மே மாதம் மன்றத்தின் தலைவராக அமர்ந்தவர் ரமணி.

அதே 1965. ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. செப்டம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரில் இருந்தன. மன்றத்தில் விவாதம் நடந்தது, ரமணி பேசினார். அவர் பேச்சு இந்தியாவுக்குச் சாதகம் என்று பாகிஸ்தான் கொதித்தது. அக்டோபரில் மலேசியாவோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஈரான் மன்னர் இடையில் நின்ற பிறகுதான் உறவு திரும்பியது.

வகுப்பில் கேட்பேன்: ஏன் அப்படிப் பேசினார்? உடனே இரண்டு பதில் வரும். ஒரு பக்கம், "அவர் இந்திய வம்சாவளி, அதனால்தான்." இன்னொரு பக்கம், அதிகமும் நம் பிள்ளைகள், "ஐயா, அவர் தைரியமாக நியாயத்தைப் பேசினார்." இரண்டையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை. முதலாவது ஒரு மனிதரின் பிறப்பை வைத்தே அவர் நாட்டின் கொள்கையைப் படிக்கிறது. இரண்டாவது பாசம். பாசம் நல்லதுதான், ஆனால் அது சான்று ஆகாது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? மன்றத்தின் சொல்லுக்குச் சொல் பதிவு ஐ.நா. மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதை முழுதாகப் படிக்க வேண்டும், நாளிதழ் சுருக்கத்தை அல்ல. அவர் எந்த நாளில், எந்தத் தீர்மானத்தின்மீது, யார் பேசிய பிறகு பேசினார் என்று பார்க்க வேண்டும். அந்த வாரம் கோலாலம்பூரில் யார் வெளியுறவைக் கவனித்தார்கள், நியூயார்க்குக்கு எப்படி உத்தரவு போகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது அமைச்சின் நிரந்தரச் செயலாளர் கசாலி ஷாஃபி. அவர் கைப்படாமல் பெரிய விஷயம் எதுவும் நகர்வது கடினம். அன்றைய நாடாளுமன்ற விவாதப் பதிவு இணையத்தில் இருக்கிறது. 1959 முதல் எல்லாம் இருக்கிறது. கோலாலம்பூரில் இருந்த ஆஸ்திரேலியத் தூதரகம் கேன்பெராவுக்கு எழுதிய கடிதங்களில் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் வெளியுறவுக் கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் அடுக்கிய பிறகு ஒன்று கண்ணில் படும். அந்த மாதங்களில் மலேசியாவுக்கு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் ஆதரவு உயிர் மூச்சு. அல்ஜியர்ஸில் நடக்கவிருந்த ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டுக்கு அழைப்பு வாங்கவே நம் ஆட்கள் தலைநகர் தலைநகராக அலைந்தார்கள். இந்தியா நம் பக்கம் நின்ற நாடு, பாகிஸ்தானோ ஜகார்த்தாவோடு நெருக்கம். 1962-இல் சீனா-இந்தியா போரின்போது இந்தியாவுக்கு உதவ 'ஜனநாயகத்தைக் காப்போம்' என்று நிதியே திரட்டியவர் துங்கு. இந்தக் கணக்குகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தால், ரமணியின் பேச்சு ஒரு தனி மனிதரின் பேச்சாக மட்டும் இருக்க முடியாது என்று புரியும். ஆனால் எவ்வளவு உத்தரவு, எவ்வளவு அவருடைய சொந்தச் சொல் என்பதைத் தாள் காட்டித்தான் சொல்ல வேண்டும். ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வு இப்படி ஒரே ஒரு பேச்சிலிருந்தே கிளம்பும்.

பன்னாட்டு உறவுத் துறைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அவர்கள், சிறிய நாடு பெரிய நாடுகளுக்கு நடுவே எப்படி நடந்துகொள்கிறது என்று பொதுவாகக் கேட்பார்கள், கோட்பாடு கொண்டு வருவார்கள். நாம், எந்தச் செவ்வாய்க்கிழமை எந்த மேசையில் யார் என்ன எழுதினார் என்று கேட்போம். இரண்டும் வேண்டும். ஆனால் உங்களுக்கு எது சுவைக்கிறது என்று இப்போதே கவனித்துப் பாருங்கள். பழைய தாளைப் புரட்டும்போது நேரம் போவது தெரியாமல் இருக்கிறதா? அப்படியானால் வரலாறு. இன்றைய தென்சீனக் கடல் செய்தியைப் படிக்கும்போதுதான் மனம் துள்ளுகிறது என்றால் பக்கத்துத் துறைக்குப் போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம், மொழி. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. ஆங்கிலமும் மலாயும் உங்களுக்கு இருக்கிறது. மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி படிப்பீர்களா? அறுபதுகளில் உத்துசான் மெலாயு நாளிதழ் ஜாவி எழுத்தில் வந்தது. மலாய்க்காரர்கள் கொன்ஃப்ரொந்தாசி பற்றி, பாலஸ்தீனம் பற்றி என்ன பேசினார்கள் என்பது அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஆறு மாதம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஜாவி வந்துவிடும். மலாய் தெரிந்தவருக்கு அது எழுத்து மட்டும்தான். நம் மாணவர்கள் இதைத் தயங்கித் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

தமிழும் உங்கள் ஆயுதம். அது வெறும் பெருமைக்குச் சொல்வதல்ல. நாட்டின் வெளியுறவை எழுதியவர்களில் எத்தனை பேர் தமிழ் நாளிதழ்களைப் புரட்டினார்கள்? தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. துங்குவின் அந்த 1962 நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டப்புறங்களில் அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது, குடியுரிமை வாங்கி ஐந்தாறு ஆண்டே ஆன நம் மக்கள் அதை எந்த நாட்டுக்குச் செய்யும் உதவியாக நினைத்தார்கள்? இன்னும் பின்னால் போனால், பயணச் செலவுக்கு உதவித்தொகை பெற்றுத் தொழிலாளர்கள் மலாயாவுக்குப் போவதை 1938-இல் இந்தியா நிறுத்தியது. 1949-இல் தொழிற்சங்கத் தலைவர் கணபதியைத் தூக்கிலிடாமல் தடுக்க நேருவின் அரசு முயன்றும் முடியாமல் போனது. 1946-இல் மலாயா இந்தியக் காங்கிரஸ் கட்சியின் (ம.இ.கா.) முதல் தலைவரான ஜான் திவி 1947-இலேயே மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியானார். இவை எல்லாம் நம் வீட்டுக் கதைகளாகச் சொல்லப்படுகின்றன. உண்மையில் இவை இரண்டு அரசுகளுக்கு இடையிலான உறவின் வரலாறு. அதை எழுத இரு பக்கமும் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

வெளியுறவு என்றாலே வெளிநாடு என்று நினைத்துவிடாதீர்கள். 1974 மே மாதம் அன்றைய பிரதமர் துன் ரசாக் பெய்ஜிங் போனார், மே 31-இல் கூட்டறிக்கை கையெழுத்தானது, ஆசியானில் சீனாவோடு முதலில் உறவு வைத்துக்கொண்ட நாடு மலேசியா. பாடநூல் இதை ராஜதந்திரம் என்று சொல்லி நிறுத்திவிடும். ஆனால் அந்த அறிக்கையிலேயே இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை என்று இரு தரப்பும் எழுதின. இங்கே நாடற்றவர்களாக இருந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்களின் கேள்வி அதில் இருந்தது. அந்த ஆகஸ்டில் பொதுத்தேர்தல். பெய்ஜிங்கில் எடுத்த படம் பிரசாரச் சுவரொட்டியில் ஏறியது. உள்ளூர் அரசியல் தெரியாமல் இந்தப் பயணத்தை எழுதவே முடியாது.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. இளங்கலைக்குப் பிறகு முதுகலை இரண்டு ஆண்டு, முனைவர் பட்டம் நான்கு, ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்கு முனைவர் பட்டம் இல்லாமல் இன்று போவது கடினம். இந்தத் துறைக்கென்று இடங்களும் மிகக் குறைவு. யாரோ ஒருவர் அறுபது வயதில் ஓய்வு பெறும்போது ஒரு நாற்காலி காலியாகும், அதுவும் அதே துறைக்கே திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இடையில் ஒப்பந்த விரிவுரை, பகுதிநேர வகுப்பு என்று சில ஆண்டு ஓடும். உள்ளே போன பிறகும் ஸ்கோப்பஸ் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் கட்டுரை, ஆராய்ச்சி நிதி என்று கணக்குக் கேட்பார்கள். ஆவணத்தை மெதுவாகப் படிக்கும் வேலைக்கும் அந்தக் கணக்குக்கும் ஒத்துவராது. எனக்கும் பதவி உயர்வு இருமுறை தள்ளிப்போனது. அப்போது வலித்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் எழுதியதுதான் இன்றும் யாராவது தேடி வந்து கேட்பது.

பல்கலைக்கழகம் மட்டும் வழி அல்ல. நிர்வாக, தூதரக அதிகாரி தேர்வு எழுதி வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்குப் போகலாம். ஆனால் அது கொள்கையைச் செய்யும் வேலை, ஆராயும் வேலை அல்ல. 1983-இல் தொடங்கிய இசிஸ் மலேசியா போன்ற ஆய்வு நிறுவனங்கள் உண்டு. சிங்கப்பூரும் பக்கத்தில்தான் இருக்கிறது. பள்ளி ஆசிரியர் வேலையையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். 2013 முதல் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம், நன்றாகச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு எப்போதும் தேவை உண்டு. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது வரை கை இறுக்கமாகத்தான் இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். என் திருமணப் பேச்சு நடந்தபோது நான் மாணவன். பெண் வீட்டாருக்கு அதைப் புரிய வைக்க என் அண்ணன்தான் பாடுபட்டார்.

நம்மவர்களுக்கு இடம் உண்டா என்று கேட்டீர்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோகன் சரவணமுத்து நாட்டின் முதல் இருபது ஆண்டு வெளியுறவை எண்பதுகளிலேயே நூலாக்கினார், பிறகு ஐம்பது ஆண்டுக்கு நீட்டினார். சந்திரன் ஜெசுருன் 2007-இல் ஐம்பது ஆண்டு ராஜதந்திரத்தையும் ஒரே நூலில் கொண்டுவந்தார். கே.எஸ். நாதனின் கட்டுரைகள் இல்லாமல் பன்னாட்டு உறவுப் பாடப் பட்டியல் போட முடியாது. இந்தத் துறையின் அடித்தளத்திலேயே இந்தப் பெயர்கள் இருக்கின்றன. எளிதாக இடம் கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கதவு திறக்கத் தாமதமாகலாம். ஆனால் உங்களைப் போல ஒருவர் இந்த வேலையைச் செய்வது புதிதல்ல.

தொடங்கும் இடம், முன்பு ஜாலான் டூத்தா என்றிருந்த ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். அடையாள அட்டையோடு போய் வாசகராகப் பதிந்துகொள்ளுங்கள். முதல் நாளே வெளியுறவுக் கோப்பு கேட்காதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். தனியார் தாள்களின் பட்டியலைக் கேளுங்கள். தலைவர்களும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும் ஒப்படைத்த கடிதங்கள் அவை. அமைச்சின் கோப்பு மூடியிருக்கும்போது அதே கடிதத்தின் நகல் ஒரு குடும்பத்தின் பெட்டியிலிருந்து வந்திருக்கும். ஓய்வு பெற்ற தூதர்களைச் சந்திப்பதையும் தள்ளிப்போடாதீர்கள், அறுபதுகளைக் கண்ணால் கண்டவர்கள் சிலரே இருக்கிறார்கள். ஆனால் தாளைப் படித்துவிட்டுப் போங்கள். எதுவும் தெரியாமல் போய் உட்கார்ந்தால் நாளிதழுக்குச் சொன்ன அதே கதையைத்தான் சொல்வார்கள். தேதியோடு ஒரு கேள்வி கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். அங்கிருந்துதான் நேர்காணல் தொடங்கும்.

விடுமுறைக்கு முன் 1965 செப்டம்பர் மாதத்துப் பாதுகாப்பு மன்றப் பதிவுகளை எடுத்து ரமணி பேசிய கூட்டங்களை மட்டும் படியுங்கள். அப்பாவுக்கும் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள், அவருக்குச் சட்டம் பிடிக்கும் என்றீர்களே, ரமணியும் வழக்கறிஞர்தான். படித்து முடித்ததும் உங்களுக்கு எழும் மூன்று கேள்விகளை ஒரே தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம்.